இலவசக் கல்வியும் மாணவர் உதவிப் பணமும்: வன்னியிலிருந்து ஒரு நோக்கு

2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 17 ஆந் திகதி பாராளுமன்றத்திற் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், பல்கலைக்கழக மாணவருக்குரிய மகாபொல புலமைப்பரிசிலை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், 'பர்சரி' என மாணவரிடையே வழங்கும் உதவு தொகையை 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்துவதென முன்மொழியப்பட்டது. இது பெரிய சலுகை என்று சிலர் மகிழ்ந்தனர். ஊர்வலம் போகும் மாணவருக்கு மக்கள் பணத்தை வாரி இறைப்பதா என்று வேறு சிலர் முணுமுணுத்தனர். இரு சாராரும் தம்மை அறியாமலே ஒரு கருத்தில் ஒன்றுபடுகின்றனர். மாணவனுக்குக் கிடைக்கும் பணம் கொடுப்பவரின் இரக்கத்தைப் பொறுத்தது என்பதே அக்கருத்து. அது சரிதானா என்பதை வரலாற்றைக் கொண்டே ஆராய வேண்டும். அவ்வாராய்ச்சியை நாம் கொழும்பிலிருந்தோ பேராதனையிலிருந்தோ தொடங்காமல், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்னும் வன்னிப் பெருநிலத்தில் நின்று தொடங்குகிறோம். ஒரு சட்டத்தின் நிறையையும் குறையையும் அறிய, அது கடைசியாகப் போய்ச் சேரும் ஊரிலிருந்து பார்ப்பதே நேரிய வழி.

படிப்பவனுக்குச் சோறும் போட்டாலன்றிப் படிப்பு ஏறாது என்ற உண்மையை நம் நாட்டில் முதலில் நடைமுறையிற் கண்டவர்கள் அமெரிக்க மிஷனரிமார் என்று சொன்னால் வியப்பாக இருக்கலாம். 1823 இல் வட்டுக்கோட்டையில் அவர்கள் நிறுவிய செமினரியில் ஆரம்ப ஆண்டுகளில் மாணவருக்கு உணவு, உடை, உறையுள் யாவும் இலவசமாகவே வழங்கப்பட்டன. அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பிய தர்மவான்களின் பெயர்களை அம்மாணவர் தாங்க வேண்டியிருந்தது. கறல் விசுவநாதபிள்ளை போன்ற பெயர்கள் நமக்கு வந்த வரலாறு இதுவே. அச்செமினரியிற் படித்த அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். மதம் பரப்புவதற்கே சோறு போடப்பட்டது என்பதை நாம் மறுக்கவில்லை. சோற்றின் விலையாகப் பெயரையும் நம்பிக்கையையும் கேட்ட கொடை அது. எனினும் ஏழைப் பிள்ளையின் கல்விச் செலவில் பள்ளிக் கட்டணம் ஒரு சிறு பகுதியே என்பதும், பெரும் பகுதி வயிற்றுக்கும் இருப்பிடத்துக்கும் உரியது என்பதும் அப்பாதிரிமாருக்குத் தெரிந்திருந்தன. பின்னாளில் வந்த நமது அரசாங்கங்களுக்கு இவ்வளவு தெளிவு இருந்ததில்லை.

அக்காலத்து வன்னிக்கு இவையெல்லாம் எட்டாத கதை. குடாநாட்டிற் செமினரிகளும் உயர்தரப் பள்ளிகளும் பெருகிய அதே நூற்றாண்டில், வன்னியோ உடைந்த குளங்களும் மலேரியாவும் குறைந்து செல்லும் குடிசனமுமாகக் கிடந்தது. 1895 இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டக் கைந்நூலைப் புரட்டுவோர், ஒரு பழைய நீர்ப்பாசன நாகரிகம் காட்டுக்குள் மூழ்கிக் கிடந்த காட்சியை அதிற் காணலாம். கல்விச் செல்வத்தைப் பற்றி யாழ்ப்பாணத்தார் பெருமை பேசும்போதெல்லாம், பரந்தனுக்குத் தெற்கே அப்பெருமை எவ்வளவு தூரம் சென்றது என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.

1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதில் இருந்த மாணவர் 904 பேர். நாடு முழுவதற்கும் அவ்வளவே. அடுத்த ஆண்டில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையில் அமைந்த கல்விக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. அரசாங்க சபையில் நிகழ்ந்த நீண்ட வாதங்களின் பின், 1945 அக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி கட்டணமின்றி வழங்கப்படலாயிற்று. ஆசியாவின் வறிய நாடொன்றில், அதுவும் குடியேற்ற ஆட்சி நீங்குமுன்னரே, இவ்வாறு நிகழ்ந்தமை சாதாரண சாதனையன்று. நிலமற்ற விவசாயியின் மகனும் சலவைத் தொழிலாளியின் மகளும் வகுப்பறை வாசலை மிதிக்க வழி செய்த சட்டம் அது. அதனைக் குறைத்துப் பேச நாம் ஒருப்படோம்.

ஆயினும் 'இலவசம்' என்ற சொல்லின் எல்லையை அன்றே வரையறுத்திருக்க வேண்டும். கட்டணம் ஒழிந்தது. பல்கலைக்கழகத்துக்குப் போகும் பஸ்ஸின் கட்டணம் ஒழியவில்லை. அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் புத்தக விலையும் முன்போலவே நின்றன. எல்லாவற்றையும் விட முக்கியமானது, படிக்கும் இளைஞன் வயலில் நின்றிருந்தால் வீட்டுக்கு ஈட்டிக் கொடுத்திருக்கக்கூடிய கூலி. இதை எந்த அறிக்கையும் கணக்கில் எடுக்கவில்லை. 1952 இல் பல்கலைக்கழகம் பேராதனைக்குப் பெயர்ந்து, மாணவர் யாவரும் விடுதியில் தங்கிப் படிக்கும் முறை அங்கு ஏற்பட்டது. மகாவலிக் கரையில் எழுந்த அழகிய மண்டபங்களை இன்றும் நினைந்து உருகுவோர் பலர். அம்மண்டபங்களில் முதலில் தங்கியோர் எவ்வகைக் குடும்பங்களிலிருந்து வந்தனர் என்பதை அவர்கள் நினைப்பது குறைவு. அறுபதுகளின் தொடக்கத்தில் சிங்களமும் தமிழும் பல்கலைக்கழகப் போதனா மொழிகளாகிய பின்னரே நாட்டுப்புறப் பிள்ளைகள் தொகையாக உள்ளே வந்தனர். அவர்களோடு அவர்களது வறுமையும் உள்ளே வந்தது.

இக்காலத்தில் வன்னி வெறுங் காடாக இருக்கவில்லை. இரணைமடுக் குளத்தின் கீழும், பின்னர் வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய குளங்களின் கீழும் குடியேற்றத் திட்டங்கள் வளர்ந்தன. குடாநாட்டில் ஒரு முழ நிலமும் இல்லாதோர் இங்கு வந்து காடு வெட்டிக் கழனி கண்டனர். 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தால் துரத்தப்பட்ட மலையகத் தோட்டத் தொழிலாளரும் அவர்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்தனர். எழுபதுகளின் பஞ்சத்தில் தோட்டங்களை விட்டு வெளியேறிய பலரும் முன்னரே வந்திருந்தனர். 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்கள் இவர்கள். இவர்களுடைய பிள்ளைகள் படித்த தோட்டப் பாடசாலைகள் எழுபதுகள் வரை தேசியக் கல்வி முறைக்கு வெளியிலேயே கிடந்தன. ஆகவே 1945 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் இவர்களைத் தொட்டதே இல்லை எனலாம். வன்னிக்கு வந்தும் நிலமற்ற கூலிகளாகவே பெரும்பாலோர் வாழ்ந்தனர். யாழ்ப்பாணத்தாரின் வயலில் நாற்று நட்ட கைகளும் அவர்களுடையவை. அவர்களை 'வந்தேறிகள்' என்று ஒதுக்கிய வாய்களும் நம்மவருடையவை.

எழுபதுகளின் தரப்படுத்தலைப் பற்றி எழுதும்போது நம் எழுத்தாளர் பலர் ஒரு பக்கத்தை மாத்திரமே எழுதுவர். மொழிவாரியாகப் புள்ளிகளை வேறுபடுத்திய முதற் கட்டம் அப்பட்டமான இன அநீதி என்பதில் நமக்கு ஐயமில்லை. தமிழ் இளைஞர் தலைமுறையொன்றின் நெஞ்சில் அது மூட்டிய தீ பின்பு எவ்வாறு பரவியது என்பதை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் 1974 இல் வந்த மாவட்டப் பங்கீடு குடாநாட்டைத் தாக்கிய அதே வேளையில், வவுனியா, மன்னார் போன்ற பின்தங்கிய தமிழ் மாவட்டங்களுக்குச் சிறு வாயிலொன்றைத் திறந்தது என்பதும் உண்மை. இதனை ஒப்புக்கொள்ள நமக்கு நாணம் வேண்டாம். இன்றும் அனுமதியிடங்களில் நூற்றுக்கு 40 திறமை அடிப்படையிலும், 55 மாவட்டங்களின் குடித்தொகை அடிப்படையிலும், 5 கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பகிரப்படும் முறை உண்டு. வன்னியின் மூன்று மாவட்டங்களும் அப்பதினாறினுள் அடங்கும். வசதியுள்ள பிள்ளைகள் பரீட்சைக்காக மட்டும் வன்னிப் பாடசாலைகளிற் பதிந்து அவ்விடங்களைக் கவர்ந்த கதை நெடுங்காலமாகப் பேசப்படுவது. அது தனிக் கட்டுரைக்குரிய பொருள். இங்கு நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. வாயிலைத் திறந்த அரசு, உள்ளே வந்தவன் மூன்று அல்லது நான்கு ஆண்டு எவ்வாறு உண்டு உறங்குவான் என்பதைச் சிந்திக்கவில்லை.

சிந்தித்தபோது அது பிறந்த இடமும் சூழலும் நோக்கத்தக்கன. 1977 இல் ஆட்சிக்கு வந்தோர் பொருளாதாரத்தைத் திறந்து விட்டனர். பங்கீட்டு அரிசியை முதலில் வருமானங் குறைந்தோருக்கு மாத்திரம் என மட்டுப்படுத்தி, 1979 இல் அதற்கும் பதிலாக உணவு முத்திரையைக் கொணர்ந்தனர். அரிசி அரிசியாகவே கையில் வந்தவரை விலை ஏறினும் வயிறு நிறைந்தது. முத்திரையிலோ ரூபாத் தொகை அச்சிடப்பட்டிருந்தது. விலைகள் ஏறின, முத்திரைத் தொகை ஏறவில்லை. சில ஆண்டுகளுக்குள் அதன் கொள்வனவுச் சக்தி பெரும்பாலும் கரைந்து போயிற்று. ஒருவருடைய சலுகையையும் எவரும் வெட்டவில்லை. அது தானாகவே தேய்ந்தது. இந்த உபாயத்தை வாசகர் மனத்திற் கொள்ள வேண்டும், ஏனெனில் இதே கதையைப் பின்னரும் காண்போம்.

அதே ஆட்சியில் வர்த்தக அமைச்சராயிருந்த லலித் அத்துலத்முதலியின் முயற்சியால் 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டப்படி மகாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நம்பிக்கை நிதியம் தோன்றியது. யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்டதும் அதே ஆண்டில்தான் என்பதைத் தமிழ் வாசகருக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. 'மகாபொல' என்றால் பெருஞ் சந்தை என்று பொருள். நாட்டின் பல பாகங்களிலும் நடத்தப்பட்ட வணிகக் கண்காட்சிகளின் பெயர் அது. பின்னர் அபிவிருத்தி லொத்தர் சபையின் வருவாயில் ஒரு பங்கும் இந்நிதியத்தைச் சேர்வதாயிற்று. நிதியத்தின் தலைமைப் பொறுப்பு பிரதம நீதியரசருக்கு உரியது. வறிய மாணவர் இலட்சக்கணக்கானோர் இப்பணத்தால் பட்டம் பெற்றனர். இதனை எழுதுவோரிலும் படிப்போரிலும் பலர் அவர்களுள் அடங்குவர். அந்நன்றியை மறவாமலே ஒன்றைக் கேட்கிறோம். 1945 இல் கல்வி அரசின் கடமையாகவும் குடிமக்களின் வரிப்பணத்துக்குரிய செலவாகவும் கருதப்பட்டது. 1981 இல் மாணவனின் சோறு சந்தைக்கும் அதிர்ஷ்டச் சீட்டுக்கும் ஒப்படைக்கப்பட்டது ஏன்? கிளிநொச்சி பஸ் நிலையத்தில் லொத்தர்ச் சீட்டு வாங்குவோரை ஒரு பொழுது நின்று பாருங்கள். வங்கி முகாமையாளர்கள் அங்கு வரிசையில் நிற்பதில்லை. கூலியாளும் முச்சக்கரவண்டிச் சாரதியும் நிற்கின்றனர். ஏழையின் நப்பாசையிலிருந்து சேரும் பணத்தில் ஏழையின் மகனுக்கு ஒரு பங்கு போகிறது. செல்வர்மீது நேர்வரி விதிப்பதற்கு இது நல்ல மாற்று வழி என்று ஆளும் வர்க்கம் கண்டுபிடித்ததில் வியப்பில்லை.

இதற்கிடையே வன்னியிலேயே உயர்கல்வி தலைகாட்டியது. 1991 இல் வவுனியாவில் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. 1997 இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 ஆகஸ்ட் முதலாந் திகதி வவுனியாப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014 இல் இயங்கத் தொடங்கியது. இவ்விரு காலங்களுக்கும் நடுவே கிடப்பது போர். 2009 ஆகஸ்ட் மாதத்தில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களின் முட்கம்பிகளுக்குள் இருந்து பிள்ளைகள் க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதினர். வீடும் வயலும் மாடும் நகையும் முள்ளிவாய்க்காலில் விட்டு வந்த குடும்பங்கள் அவை. வேறு மாவட்டத்துப் பெற்றோர் பிள்ளையின் முதலாண்டுச் செலவுக்கு அடகு வைக்கும் காப்பும் சங்கிலியும் இவர்களிடம் இருக்கவில்லை. அடகு வைக்க ஒன்றுமில்லாமை வறுமையின் வேறொரு படி. புள்ளிவிபரங்கள் அதனைத் தனியே காட்டுவதில்லை.

காட்டும் அளவும் போதுமானது. 2012/13 ஆம் ஆண்டுக் குடித்தன வருமான, செலவின ஆய்வின்படி நாட்டின் வறுமை வீதம் 6.7. முல்லைத்தீவிலோ 28.8, இலங்கையிலேயே மிக உயர்ந்தது. அடுத்து நின்றது சிங்கள விவசாயிகள் வாழும் மொனராகலை, 20.8. 2016 இல் தேசிய வீதம் 4.1 ஆக இறங்கியபோது கிளிநொச்சி 18.2 ஆக முதலிடம் பெற்றது. வவுனியா மாவட்டத்தின் வீதம் தேசிய சராசரியிலும் குறைவு. வணிக நகரின் கணக்கு நெடுங்கேணிக் கிராமங்களின் கணக்கை விழுங்கி விடுகிறது. மொனராகலையை நாம் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. பம்பைமடுவிலும் அறிவியல் நகரிலும் இன்று தமிழ் மாணவரோடு சிங்கள, முஸ்லிம் மாணவரும் படிக்கின்றனர். மாதக் கடைசியில் பகிர்ந்துண்ணும் சோற்றுப் பார்சலுக்கு மொழி கிடையாது.

இனி உயர்த்தப்பட்ட தொகையின் பெறுமதியைப் பார்ப்போம். 2010களின் நடுப்பகுதியில் மகாபொல 5,000 ரூபாவை எட்டிய காலத்தில், டாலரொன்று ஏறத்தாழ 140 ரூபா. அப்போது அத்தொகை 35 டாலர் அளவாகும். 2021 இல் டாலர் 200 ரூபாவாக, அதே 5,000 ரூபா 25 டாலராயிற்று. 2022 இல் அரசு கடனை அடைக்க இயலாது கைவிரித்து டாலர் 360 ரூபாவைத் தொட்டபோது அது 14 டாலராகச் சுருங்கியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். அப்போதும் மாணவனுக்குக் கிடைத்தது 5,000 ரூபாவே. 2025 இல் டாலர் 300 ரூபா அளவில் நிற்க, 7,500 ரூபா மீண்டும் 25 டாலராகிறது. பெரிய உயர்வு என்று கொண்டாடப்பட்டது, பத்தாண்டுக்கு முன்னர் இருந்த பெறுமதிக்குக் கூடத் திரும்பவில்லை. டாலர்க் கணக்கு நமக்கெதற்கு என்போர் நாளொன்றுக்குக் கணக்கிடட்டும். 5,000 ரூபா நாளுக்கு 166 ரூபா, 7,500 ரூபா 250 ரூபா. ஒரு வேளைச் சோற்றுப் பார்சலுக்கு அது போதலாம், அல்லது போதாமற் போகலாம். மற்ற இரு வேளைக்கும் அறை வாடகைக்கும், புதுக்குடியிருப்புக்குப் போய்வரும் பஸ் காசுக்கும் விடை வேறிடத்திலிருந்தே வர வேண்டும். 1979 ஆம் ஆண்டின் உணவு முத்திரைக்கு நேர்ந்த கதியை இப்போது வாசகர் நினைவு கூர்க.

தொகையை விட ஆழமான சிக்கல் யாருக்குக் கிடைக்கும் என்பதில் உண்டு. பெற்றோரின் வருமானத்தைக் கிராம உத்தியோகத்தர் உறுதி செய்து, பிரதேச செயலாளர் ஒப்பமிட வேண்டும். மாதச் சம்பளம் பெறும் ஆசிரியரின் வருமானம் சதம் பிசகாமல் ஏட்டில் இருக்கிறது. பல பரப்புக் காணியும் கடையும் உடையவரின் வருமானம் அவர் சொல்வதே. மழையை நம்பிக் காலபோகம் விதைப்பவரின் வருமானம் என்ன? நல்ல மழையில் ஒன்று, வெள்ளத்தில் இன்னொன்று, வரட்சியில் பூச்சியம். விளைந்த நெல் நுண்கடன் நிறுவனத்துக்குப் போய்விட்டால் அதை வருமானம் என்று எழுதுவதா? ஆண்டொன்றுக்கு ஒரே இலக்கத்தை எழுதச் சொல்லும் படிவம் நகரத்து உத்தியோகத்தரை மனத்திற் கொண்டு அச்சிடப்பட்டது.

வன்னியில் இப்படிவத்துக்கு இன்னொரு கொடுமையும் உண்டு. தந்தையின் பெயரும் தொழிலும் வருமானமும் கேட்கப்படுகின்றன. போரின் முடிவிற் காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவி அங்கு எதனை எழுதுவாள்? இறந்தார் என்று எழுதினால் சான்று வேண்டும். சான்று பெற்றால் அவரைத் தேடும் வழக்கைத் தானே கைவிட்டதாகும் என அவள் அஞ்சுகிறாள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் அமர்ந்த தாய்மார் ஆண்டுக்கணக்கிற் போராடியதன் பொருள் இதுவே. 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் 'காணாமற் போனமைச் சான்றிதழ்' என்ற ஒன்றைத் தந்தது. அது அரசாங்கக் கருமங்களுக்கு உதவும் என்பது மெய். ஆயினும் அதைக் கேட்டுக் கந்தோர் கந்தோராக அலைவது மகன் படிப்புக்கான பணத்துக்காக என்றால், தந்தையைத் தேடும் உரிமையையும் தனையன் உண்ணும் உரிமையையும் ஒரே தராசில் அத்தாய் நிறுக்க நேர்கிறது. ஒரு புலமைப்பரிசில் எவரையும் இந்நிலைக்குத் தள்ளலாகாது.

மானியம் வேண்டாம், கடன் கொடுப்போம் என்ற குரல் இப்போது அடிக்கடி கேட்கிறது. நமது நாட்டில் 2017 முதல் தனியார் நிறுவனங்களிற் படிப்போருக்கு வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்று நடந்து வருகிறது. இக்குரல் எங்கே போய் முடியும் என்பதை இங்கிலாந்தைப் பார்த்து அறியலாம். 1960 இல் அன்டர்சன் குழுவின் பரிந்துரையும் 1962 இல் கல்விச் சட்டமும் வந்தன. அதன் பின் பல்கலைக்கழகம் சென்ற ஒவ்வொரு பிரித்தானிய மாணவனுக்கும் கட்டணத்தோடு, குடும்ப வருமானத்துக்கேற்ப வாழ்க்கைச் செலவு மானியமும் உரிமையாயிற்று. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் அதனாலே எழுத்தாளராகவும் விஞ்ஞானியாகவும் வெளிவந்தனர். 1990 இல் மானியத்தை உறைய வைத்துக் கடன் புகுத்தப்பட்டது. 1998 இல் கட்டணம் வந்தது. இடையில் ஓரளவு மீண்ட மானியமும் 2016 இல் இங்கிலாந்தில் புதிய மாணவருக்கு முற்றாகக் கடனாக மாற்றப்பட்டது. ஒவ்வொரு படியும் சிறியதாகவே இருந்தது. ஒவ்வொன்றும் வறிய மாணவர் நன்மைக்கே என்று சொல்லப்பட்டது. பட்டத்தோடு பெருங் கடனும் கையிற் கொண்டு வெளியேறும் இளைஞன் போராட்டத்துக்கு அஞ்சுவான். முதற் கிடைத்த வேலையைப் பற்றிக் கொள்வான். ஆளுவோர்க்கு இது கூடுதல் ஆதாயம். வன்னியில் நுண்கடனின் தவணை நாள் வந்தால் வீட்டைப் பூட்டிக் கொண்டு காட்டோரம் ஒதுங்கிய தாய்மார்களை நாம் அறிவோம். அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கடனை ஓர் உதவியென்று விளக்கச் செல்வோர் சிறிது யோசித்துச் செல்வது நன்று.

ஆகவே மாணவர் சங்கங்களும் ஆசிரியர் சங்கங்களும் தொகையை உயர்த்துக என்ற ஒரு கோரிக்கையோடு நின்றுவிடலாகாது என்பது நமது கருத்து. அடுத்த திட்டங்களிலும் தொகை கூட்டப்படலாம். அதுவும் தேயும். விலைச் சுட்டெண் ஏறும்போது உதவிப் பணமும் சட்டப்படி தானே ஏற வேண்டும் என்று கேட்க வேண்டும். லொத்தரையும் சந்தையையும் நம்பாது திறைசேரியிலிருந்து அது வர வேண்டும். பின்தங்கிய மாவட்டங்களின் அரசாங்கப் பாடசாலைகளிலிருந்து தேறி வரும் மாணவர் யாவருக்கும் வருமானப் படிவமின்றியே அதனை வழங்கலாம். அப்பதினாறு மாவட்டங்களும் பின்தங்கியவை என அரசே அனுமதிக்காக ஏற்றுக் கொண்டபின், அதே பிள்ளையின் வறுமைக்கு மறுபடியும் ஒப்பம் கேட்பது எதற்கு?

இன்னொன்று, சிறியதாகத் தோன்றுவது. தெரிவு முடிந்து முதலாண்டு மாணவரின் வங்கிக் கணக்கில் முதற் தவணைப் பணம் விழுவதற்குப் பல மாதங்கள் செல்வது வழக்கமாகிவிட்டது. பின்னர் நிலுவை மொத்தமாக வரும். ஆனால் படிப்பை விட்டு விலகுவோர் பெரும்பாலும் விலகுவது அம்மாதங்களிலேதான். ஒட்டுசுட்டானிலிருந்து மாத்தறைக்கோ பேராதனைக்கோ முதன்முறையாகப் பஸ் ஏறும் பிள்ளையின் பையில் அயலவர் மூவர் நால்வரிடம் மாறிய காசு இருக்கும். அது ஆறு வாரம் வரும். ஏழாவது வாரம் அப்பிள்ளை 'சுகமில்லை' என்று சொல்லி வீட்டுக்கு வருகிறது. வகுப்பாசிரியர் யாராவது வீடு தேடிப் போய்ப் பார்த்தால், அது கச்சான் தோட்டத்திற் புல்லுப் பிடுங்கிக் கொண்டு நிற்கக் காணலாம்.